கரைவாகு மனிதர்கள் – 9: அடுப்படிக்கு வந்த டீச்சர்

சென்ற வாரம், 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸைப் பற்றிப் பார்த்தோம். யுத்தகாலத்து உணவுத் தட்டுப்பாட்டில் காடு வெட்டி நெல் விளைவிக்க அவர் வழிசெய்து கொடுத்த வயல்வெளி ஒன்றுக்கு எங்கள் விவசாயிகள் ‘அஸீஸ் துரைக் கண்டம்’ என்றே பெயர் வைத்தார்கள். கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பரைச் சொல்லாமல், 1949இல் தொடங்கிய கல்முனை ஸாஹிராவின் கதையைச் சொல்ல முடியாது. எம்.எச்.எம். அஷ்ரபின் பெயரில் கல்முனையில் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. மூவரும் அந்த மரியாதைக்கு உரியவர்கள்தான்.

ஸாஹிராவின் படியேறிய பிள்ளைக்கு அதற்கு முன்னால் ‘அ’ எழுதக் காட்டியது யார்? மருதமுனை தொடங்கி சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரைக்கும், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரிவரி வகுப்பில் நின்ற முஸ்லிம் ஆசிரியைகளின் முதல் தலைமுறை ஒன்று இருந்தது. கிடுகுக் கூரைக்குக் கீழே, கைக்கு எட்டிய சம்பளத்தில், ஒரு ஊரையே எழுத்துக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அவர்களின் பெயரில் ஒரு ஒழுங்கைகூட இங்கே இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்தத் தொடரில் அவர்களுக்கு ஒரு வாரமாவது ஒதுக்காமல் மேலே போக எனக்கு மனமில்லை.

நான் நெருங்கி அறிந்தது அவர்களில் ஒருவரைத்தான். என் உம்மாவின் உம்மா. எங்களுக்கு மூத்தம்மா, ஊருக்கு டீச்சர். பத்திரிகையில் தன் பெயர் வருவதை விரும்பாதவர் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

1938இல் கல்முனைக்குடியில், கடற்கரைப் பக்கத்து வளவு ஒன்றில் பிறந்தவர். வாப்பாவுக்கு மேற்கே வட்டையில் வேளாண்மை. உம்மா பன்பாய் இழைப்பவர். அந்த உம்மாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் நன்றாக வாசிப்பார். இரவில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு அறபுத்தமிழில் அச்சடித்த மாலைகளையும் மார்க்கச் சட்டங்களையும் ராகத்தோடு படிக்க, அண்டை வீட்டுப் பெண்கள் சுற்றியிருந்து கேட்பார்களாம். அறபு எழுத்தில் எழுதிய தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. வளவின் உறுதி அவர் பெயரில்தான் இருந்தது. அந்த உறுதியில் இருந்தது அவருடைய பெருவிரல் அடையாளம். வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்ணை நாட்டின் ஏடுகள் கைநாட்டுக்காரி என்றே எழுதிக்கொண்டன. எங்கள் கரையோரத்தில் அப்படி எத்தனை பெண்கள் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது இப்போதும் மனம் கொதிக்கிறது.

இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது மூத்தம்மாவுக்கு ஏழு வயது. கல்முனையில் நல்ல பள்ளிக்கூடங்கள் அதற்கு முன்பே இருந்தன. மெதடிஸ்த மிஷனின் வெஸ்லி 1883இலும், கத்தோலிக்க மிஷனின் கார்மேல் பற்றிமா 1900இலும் தொடங்கியவை. மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் முஸ்லிம் குடும்பங்கள் அங்கே பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கின. அந்தத் தயக்கத்தின் விலையைப் பெண்பிள்ளைகள் இரண்டு தலைமுறைக்குக் கொடுத்தார்கள். ஆண்கள் எப்படியோ எழுந்துவிட்டார்கள்.

மூத்தம்மா போனது வீட்டுக்குப் பக்கத்திலிருந்த அரசாங்கப் பாடசாலைக்கு. அங்கே அவருக்கு வாய்த்தவர் காரைதீவிலிருந்து வந்த ஒரு தமிழ் ஆசிரியை. காரைதீவு எங்கள் பக்கத்து ஊர், 1892இல் சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர். முஸ்லிம் ஆசிரியைகள் கிடைக்காத அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களில் பெரும்பங்கு காரைதீவு, பாண்டிருப்பு, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று பல இடங்களிலிருந்து வந்த தமிழ் ஆசிரியர்கள். இதை எங்கள் ஊர் வரலாறுகளில் ஒரு வரியோடு கடந்துபோகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு வரி போதாது. மூத்தம்மா கடைசிவரை அந்த ஆசிரியையை ‘எங்கட டீச்சர்’ என்றுதான் சொல்வார். தன்னை அப்படி ஊரே அழைத்தபோதும் அவருக்கு டீச்சர் என்றால் அந்த ஒருவர்தான்.

பெரிய பிள்ளையானதும் பெண்ணை வீட்டோடு நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். மூத்தம்மாவின் ராத்தாவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். மூத்தம்மாவின் முறை வந்தபோது தலைமை ஆசிரியர் வந்து முன்வாசலில் வாப்பாவோடு பேசிப் பார்த்தார். வாப்பா மறுக்கவுமில்லை, சம்மதிக்கவுமில்லை. முடிவு உள்ளேயிருந்து வந்தது. பாய் இழைத்துக்கொண்டிருந்த உம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாராம்: “எண்ட கைநாட்டு என்னோட போகட்டும். அவள் கையெழுத்துப் போடட்டும்.”

எஸ்.எஸ்.சி. சித்தியடைந்து 1957இல் உதவி ஆசிரியையாக நியமனம் பெற்றார். அந்த வருஷக் கடைசியிலேயே கிழக்கை மூழ்கடித்த பெருவெள்ளம். மூன்று நாலு வருஷம் கழித்துப் பயிற்சிக்காக அளுத்கமைக்குப் போனார். அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை பக்கத்திலேயே இருந்தும், முஸ்லிம் பெண்கள் பயிற்சிக்கு நாட்டின் மறுகரைக்குத்தான் போக வேண்டியிருந்தது. கல்முனையிலிருந்து கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்புக்கு பஸ். அங்கிருந்து இரவு மெயில் ரயில். விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, தெற்கே போகும் கரையோர ரயிலில் ஏற வேண்டும். தகரப் பெட்டியும், பொரிவிளாங்காய் போட்ட டின்னும், துணைக்கு ஒரு மாமாவும். மாத்தறையிலிருந்தும் கண்டியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த பெண்களோடு விடுதியில் இருந்த அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் மூத்தம்மாவின் குரலில் ஒரு குமரின் துடிப்பு வந்துவிடும்.

திரும்பி வந்து கலியாணம். கிழக்கு வழக்கத்தைப் பிற பகுதி வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரையோரத்தில் குடி என்பது தாய்வழி. கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு எழுதப்படும். பெற்றார் அதே வளவில் பின்னால் ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில்கூடக் குடிக்கு ஒரு மரைக்காயர் என்பதுதான் பழைய முறை. இந்த வழக்கம் மட்டக்களப்புத் தமிழருக்கும் எங்களுக்கும் பொது. அக்கரைப்பற்றில் அறுபதுகளின் கடைசியில் வந்து தங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இதை ஆராய்வதிலேயே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

மெக்கில்வ்ரே ஆய்வாகச் செய்ததை மூத்தம்மா தொழிலாகச் செய்தார் என்பது என் எண்ணம். வீடு பெண்ணுடையது என்றால் அந்த வீட்டுப் பிள்ளை படிப்பதா நிற்பதா என்று கேட்க வேண்டியது யாரிடம்? தலைமை ஆசிரியர்களும் வித்தியாதரிசிகளும் முன்வாசலில் ஆண்களோடு பேசிவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூத்தம்மா முன்வாசலில் உட்காரவே மாட்டார். வரவு இடாப்பில் ஒரு பெண்பிள்ளைக்குத் தொடர்ந்து வரவில்லை என்று விழுந்தால், பள்ளிக்கூடம் விட்டதும் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அந்த ஒழுங்கைக்குள் இறங்கிவிடுவார். கிணத்தடிப் பக்கத்தால் போய் நேரே அடுப்படி. பலகைக் கட்டையில் உட்கார்ந்து, அரிசி புடைத்துக்கொண்டோ தேங்காய் துருவிக்கொண்டோ பேச்சு தொடங்கும். பிள்ளையின் பேச்சு கடைசியில்தான் வரும்.

“டீச்சர், குமர்ப் புள்ளய எப்பிடி அனுப்புற? ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு சோறு போடாது ராத்தா. என்னோடயே வரட்டும், என்னோடயே திரும்பட்டும். எண்ட குடைக்குள்ள ரெண்டு பேர் நடக்கலாம்.”

காலையில் அவருக்கு முன்னும் பின்னுமாகப் பெண்பிள்ளைகள் நடந்து போவதைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பேசிப் பார்த்த எல்லா வீட்டிலும் அவர் வெல்லவில்லை. தோற்ற வீடுகளைத்தான் அவர் எங்களுக்கு அதிகமாகச் சொன்னார். கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளை, பதின்மூன்று வயதில் கலியாணம் முடித்துக் கொடுக்கப்பட்டவள். அவளுடைய கொப்பியை மூத்தம்மா நெடுங்காலம் அலுமாரியில் வைத்திருந்தார்.

வகுப்பறையில் அவர் எப்படி என்று கேட்டால், அடிக்காத டீச்சர் என்பார்கள். அந்தக் காலத்தில் அது அபூர்வம். எங்கள் பிள்ளைகள் ஓதப்பள்ளியில் அலிஃப், பே படித்துவிட்டுத்தான் அரிவரிக்கு வருவார்கள். கை வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போகப் பழகியிருக்கும். தமிழையும் அப்படியே தொடங்குவார்கள். அதற்குத் தலையில் குட்டிய ஆசிரியர்கள் இருந்தார்கள். மூத்தம்மா பிள்ளைகளைக் கடற்கரை மணலில் உட்காரவைத்து, ஒரே கோட்டில் வலமிருந்து அலிஃபும் இடமிருந்து அகரமும் எழுதச் சொல்வார். இரண்டும் நடுவில் சந்திக்கும். இது லெப்பை தந்தது, இது நான் தருவது, இரண்டும் உன்னுடையது என்பார். எந்தக் கலாசாலையிலும் அவர் படித்த முறை அல்ல இது. அறபுத்தமிழ் வாசித்த உம்மாவின் மடியில் இருந்த பிள்ளைக்குத்தான் இது தோன்றியிருக்க முடியும்.

கல்லோயாத் திட்டத்தின் தண்ணீரால் அறுபதுகளில் வட்டையில் இரண்டு போகம் விளைந்தது. வீடுகளில் கொஞ்சம் காசு புழங்கியது. பிள்ளைகளின் படிப்புக்கும் அதில் ஒரு பங்கு வந்தது. எழுபதுகளில் கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி வந்த பிறகு, பெண்பிள்ளை மேல்வகுப்புக்குப் போவது பற்றி அடுப்படியில் பேச வேண்டிய தேவை குறைந்தது. தன் வேலை பாதியாகிவிட்டது என்று மூத்தம்மா சந்தோஷப்பட்டார்.

அவர் வேலைக்குப் போன காலம் முழுக்க என் உம்மாவையும் சாச்சியையும் வளர்த்தது பின்வீட்டிலிருந்த பாய் இழைக்கும் உம்மாதான். பிறகு என் உம்மா ஆசிரியையானபோது, மூத்தம்மா முன்வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வீட்டுக்குப் போய் எங்களை வளர்த்தார். தாய்வீட்டிலேயே இருந்ததால்தான் இந்தக் கரையோரத்துப் பெண்கள் பிள்ளை பெற்ற பிறகும் ஆசிரியத் தொழிலில் நிலைக்க முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். புகுந்த வீட்டில் மாமியிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தால் இத்தனை பேர் நின்றிருக்க மாட்டார்கள்.

இதே வழக்கத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதை மறைத்து எழுதினால் மூத்தம்மாவே ஏற்கமாட்டார். மகளுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை இல்லை. இரண்டு மகள்களுக்கு இரண்டு வீடு. அவருடைய சம்பளம், சீட்டுக்காசு, இளைப்பாறியபோது கிடைத்த பணிக்கொடை எல்லாமே கல்லாகவும் சீமெந்தாகவும் போயின. ஹஜ்ஜுக்கென்று சேர்த்த பணமும் சாச்சியின் வீட்டுக் கூரையில் முடிந்தது. அவருடைய தம்பிமார் ராத்தாவுக்கு வீடு கட்டுவதற்காகவே இளமையைக் கரைத்தார்கள்; அடுத்த தலைமுறை ஆண்பிள்ளைகள் அதே காரணத்துக்காக வளைகுடாவுக்குப் போனார்கள். பெண்ணுக்கு வீடு இருப்பது நல்லது. மாப்பிள்ளை எடுக்கும் விலையாக அந்த வீட்டை ஆக்கியது அநியாயம். மூத்தம்மா இதை வெளியே சொல்லத் தயங்கியதே இல்லை. என் கலியாணப் பேச்சு வந்தபோது, “வீடு அவளுக்கு இருக்கு. அது அவளுக்குத்தான், உங்களுக்கில்ல” என்று வந்தவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

1988இல் மூத்தவாப்பா மௌத்தானார். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தா. சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தது. ஆனால் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்திக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு கிழமை கழித்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு இன்னொருத்தி. கடைசியில் வகுப்பில் பாதி எங்கள் உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தது. வெள்ளைச் சேலையோடு இருந்து அவர் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அதற்கும் முன்னால், 1985 ஏப்ரலில் காரைதீவுப் பக்கம் தமிழர் முஸ்லிம் கலவரம். 1990 ஜூனுக்குப் பிறகு நடந்தவற்றை எல்லோரும் அறிவோம். பக்கத்து ஊர்களுக்கு இடையில் இருந்த சில நூறு யார் தூரத்தை யாரும் கடக்க முடியாத காலம் வந்தது. தமிழ் ஆசிரியர்கள் எங்கள் பாடசாலைகளுக்கு வருவது நின்றது. ‘எங்கட டீச்சர்’ அப்போது மிகவும் வயதாகிக் காரைதீவிலேயே இருந்தார். நிலைமை கொஞ்சம் தணிந்ததும் மூத்தம்மா போய்ப் பார்க்கக் கிளம்பினார். வீட்டில் எல்லோரும் மறித்தார்கள். மாளிகைக்காட்டுச் சந்திவரை போய்த் திரும்பி வந்தார். ஆறு மாதத்தில் அந்த ஆசிரியை இறந்த செய்தி வந்தது. யுத்தம் எங்கள் குடும்பத்தில் யாரையும் கொல்லவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு. மூத்தம்மா அந்தப் பேச்சில் சேரமாட்டார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை. கடல் ஊருக்குள் வந்தபோது அவர் மேற்குப் பக்கத்தில் சாச்சி வீட்டில் இருந்ததால் தப்பினார். வளவில் முன்வீடும் இல்லை, பின்வீடும் இல்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு உயிர்களை இழக்கவில்லை. பெருந்தொகையானவர்கள் பெண்களும் பிள்ளைகளும். அவரிடம் அரிவரி படித்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரே ஒழுங்கையில் மூன்று தலைமுறை போயிற்று.

அடுத்த சில மாதங்களில் அவர் செய்ததுதான் அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய வேலை என்று நான் கருதுகிறேன். உயிர் தப்பியவர்களிடம் ஒரு கடதாசியும் மிஞ்சவில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், காணி உறுதி எல்லாம் போய்விட்டன. காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க 2005இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பாடசாலைகளின் சேர்வு இடாப்புகளும் உப்புத் தண்ணீரில் கூழாகிக் கிடந்தன. அகதி முகாமாக இருந்த ஒரு பாடசாலையின் விறாந்தையில் மூத்தம்மா ஒரு சீ.ஆர். கொப்பியோடு உட்கார்ந்தார். வந்தவர்களுக்குப் பெயர், தகப்பன் பெயர், பிறந்த வருஷம், எந்த வருஷம் எந்த வகுப்பில் இருந்தார் என்பதை ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்தார். “நீ 57 வெள்ளத்துக்கு மறு வருஷம்.” “உன்ட தம்பி 78 சூறாவளிக்கு முந்தி ரெண்டு மாசம், உங்கட கூரை பறந்தபோது கைப்பிள்ள.” கிராம சேவகர்கள் அவருடைய கடிதத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர் எழுதிய வருஷங்கள் பிறகு கிடைத்த ஏடுகளோடு ஒத்துப்போயின என்று ஒரு கிராம சேவகர் என்னிடம் சொன்னார்.

அவருடைய கடைசிக் காலம் அமைதியானது. ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குப் பேத்திகள் பஸ்ஸில் போய்வருவதைப் பார்த்தார். அவர்கள் வீடு திரும்பும்வரை அஸர் தொழுத பாயிலேயே இருப்பார். அவர்களின் கொப்பிகளை வாங்கிப் புரட்டிவிட்டு, எழுத்துப் பிழைகளைப் பென்சிலால் திருத்திக் கொடுப்பார்.

2016இல் மௌத்தானார். எங்கள் வழக்கப்படி பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அதனால் அவரால் படித்த பெண்கள் எல்லோரும் ஜனாஸா எடுக்கும்வரை வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். முன்வாசலில் இருந்த கூட்டத்தைவிட உள்ளே இருந்த கூட்டம் பெரியது.

இந்தக் கட்டுரையை எழுத, அவர் முதலில் கற்பித்த பாடசாலையின் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகத்தைத் தேடினேன். சூறாவளி, யுத்தம், கடல் மூன்றுக்கும் தப்பியது எதுவும் அங்கே இல்லை. கரையோரத்துப் பாடசாலைகள் பலவற்றின் நிலையும் இதுதான். ஆனாலும் ஓய்வூதியக் கோவைகள் இருக்கின்றன. வலயக் கல்வி அலுவலகங்களில் சுயவிபரக் கோவைகள் இருக்கலாம். எழுபது கடந்த மாணவிகள் நினைவோடு இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

மருதமுனை முதல் பொத்துவில் வரையுள்ள பாடசாலைகளின் அதிபர்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு விழா மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டை, 1970க்கு முன் உங்கள் பாடசாலையில் ஆரம்ப வகுப்புகளில் கற்பித்த பெண்களின் பெயர்ப் பட்டியலுக்குக் கொடுங்கள். முஸ்லிம் ஆசிரியைகளோடு தமிழ் ஆசிரியைகளின் பெயர்களும் அதில் இருக்க வேண்டும். வாசகர்களே, அப்படி ஒருவரின் நியமனக் கடிதமோ படமோ உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால், பிரதி எடுத்து இந்தத் தவணை முடிவதற்குள் அந்தப் பாடசாலையில் ஒப்படைத்துவிடுங்கள்.

(தொடரும்)